சைக்கிள் பயணமும் நமது கல்லாப்பெட்டியும்



பூமி சூடாகி வருகிறது, பருவநிலை மாறி வருகிறது என்பதை மக்களிடம் எடுத்துச் சொல்வதற்காக, கூட்டமாகச் சேர்ந்து சைக்கிளில் ஊர் ஊராகப் போவது இன்று பல நாடுகளில் வழக்கமாகி வருகிறது. நமது சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையிலும் தலைக்கவசமும் முதுகுப்பையுமாகச் சைக்கிள் குழுக்கள் போவதைப் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வணிகர்கள் பார்த்திருப்பார்கள். அப்படி ஒரு குழு பள்ளிகொண்டாவில் திரும்பி நம் குடியாத்தத்திற்குள் வந்து, ஒரு வேளைச் சாப்பாடும் இரவு தங்க இடமும் கேட்டால் சங்கம் என்ன சொல்ல வேண்டும்?

"வெயிலும் மழையும் ஆண்டவன் விட்ட வழி. நன்கொடை கேட்டு வருகிறவர்கள் ஏற்கெனவே போதும். நாம் வியாபாரத்தைப் பார்ப்போம்" என்று சொல்பவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் சலிப்பு நமக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் நமது கருத்து வேறு. விவசாயிக்கு அடுத்தபடியாக வானத்தை நம்பிப் பிழைப்பவன் மளிகை வியாபாரி. ஆகவே இந்த விஷயம் நமக்கு வெளியே உள்ளது அல்ல. அது ஏன் என்பதையும், இத்தகைய பயணத்தை நாம் எப்படி வரவேற்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் இங்கே எழுத விரும்புகிறோம்.

சைக்கிளில் போனால் என்ன விசேஷம்?

2021 அக்டோபர் மாதம் இங்கிலாந்தில் ஒரு பயணம் நடந்தது. குழந்தைகள் மருத்துவமனைகளைச் சேர்ந்த டாக்டர்கள், நர்சுகள், பணியாளர்கள் சுமார் 70 பேர் லண்டனில் இருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திற்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போனார்கள். அங்கே அப்போது ஐ.நா. சபையின் பருவநிலை மாநாடு நடக்க இருந்தது. நாலரைக் கோடி மருத்துவப் பணியாளர்களின் சார்பில் அமைப்புகள் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை அவர்கள் கொண்டு போனார்கள். காற்று கெடுவதால் குழந்தைகளுக்கு மூச்சுக் கோளாறு வருகிறது, அதைத் தினமும் வார்டில் பார்ப்பவர்கள் நாங்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன சேதி.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர்கள் உலகத்துச் சங்கதி அனைத்தையும் பேசவில்லை. தங்கள் தொழிலில் தாங்கள் கண்டதைப் பேசினார்கள். அதனால்தான் அதற்கு மதிப்பு இருந்தது. ஒவ்வொரு தொழிலாரும் தத்தம் கணக்கைக் கொண்டு போய்ச் சொன்னால் அதை யாராலும் தள்ளிவிட முடியாது.

ஒலிபெருக்கி கட்டிய வேன் ஊருக்குள் வந்தால் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அது நிற்பதும் இல்லை. சைக்கிளில் வருகிறவன் நின்றுதான் ஆக வேண்டும். பஞ்சர் ஆனால் நிற்பான், தாகம் எடுத்தால் நிற்பான், வழி கேட்க நிற்பான். அவன் நிற்கிற இடம் பெரும்பாலும் நம் கடை வாசல்தான். கிராமத்தில் ஒரு சேதி பரவ வேண்டுமானால் கடைக்காரர் காதில் விழுந்தால் போதும், பொழுது சாய்வதற்குள் ஊர் முழுதும் தெரிந்துவிடும். ஆகவே வருகிற குழுவுக்கு நாம் தேவைப்படுகிற அளவு, வேறு யாரும் தேவைப்படுவதில்லை.

புதுக்கோட்டை சொல்லும் பாடம்

சைக்கிளை வைத்து ஓர் இயக்கம் நடத்தி வெற்றி கண்டதற்கு நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த திருமதி ஷீலாராணி சுங்கத் அவர்கள், எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். இதற்கென்றே பாட்டுக் கட்டிப் பாடினார்கள். வயல் வேலை செய்பவர்கள், கல்குவாரியில் உடைப்பவர்கள், கிராம நர்சுகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992இல் ஒரே வாரத்தில் 70,000க்கும் அதிகமான பெண்கள் ஊர் கூடிய இடத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே பல பெண்கள் ஓட்டினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. வணிகர்களாகிய நமக்கு அதைவிட முக்கியமான சேதி, அந்தப் பெண்களின் சிறு வியாபாரம் பெருகியது என்பதே. விளைபொருளை விற்கப் போகிற பெண், பஸ்ஸுக்குக் காத்திருந்தால் அரை நாள் போய்விடும். சைக்கிள் வந்த பிறகு பக்கத்து நாலு கிராமம் சுற்றி விற்றுவிட்டுப் பொழுதோடு வீடு திரும்பினாள். சைக்கிள் வியாபாரிகளுக்கும் அந்த ஆண்டுகளில் விற்பனை பல மடங்கு ஆனது.

இதில் இருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? சைக்கிள் ஊர்வலம் என்பது கொடி காட்டிவிட்டுப் போவதோடு நின்றுவிட்டால் அது மறுநாளே மறந்துபோகும். ஜனங்களின் பிழைப்புக்குள் புகுந்து, கையில் நாலு காசு மிஞ்சும்படி செய்தால் அது நிலைக்கும். பருவநிலை என்று பேச வருபவர்களுக்கும் இதே அளவுகோல்தான்.

வானிலை நம் சரக்கில்

பருவநிலை மாற்றம் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிக்கும்போது கரியமில வாயு வெளியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். அது எரிந்தால் காற்றில் உள்ள பிராணவாயுவோடு சேர்ந்து சுமார் 2.3 கிலோ கரியமில வாயுவாக மாறுகிறது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்பு காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420க்கு மேல் போய்விட்டது. அது கம்பளி போர்த்தியது போல வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. 2015இல் பாரீஸ் நகரில் கூடிய நாடுகள், பழைய காலத்தைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் சூடு ஏறாமல் பார்க்க முயல்வோம் என்று ஒப்புக்கொண்டன. 2024ஆம் ஆண்டின் சராசரி அந்தக் கோட்டையும் தாண்டி 1.55 டிகிரி என்று உலக வானிலை அமைப்பு கணக்குக் கொடுத்தது.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவிகிதம் அதிக ஈரத்தைத் தாங்கும். அதனால்தான் மழையே இல்லாமல் நாள் கடந்து, பிறகு ஒரேயடியாகக் கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. 2024 டிசம்பர் முதல் தேதியை ஒட்டி, நமக்குப் பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை.

இனி நம் கணக்குக்கு வருவோம். 2022 மார்ச் மாதம், பதிவேடு தொடங்கிய 1901இல் இருந்து இந்தியாவில் மிக அதிகச் சூடான மார்ச். வடக்கே கோதுமை பால் பிடிக்கும் நேரத்தில் அனல் அடித்து மணி சுருங்கியது. மே 13ஆம் தேதி மத்திய அரசு கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஜூன் 12ஆம் தேதி கோதுமைக்கு இருப்பு உச்சவரம்பு வந்தது. அதற்குப் பத்து நாள் முன்பே, 2023 ஜூன் 2ஆம் தேதி, துவரைக்கும் உளுந்துக்கும் உச்சவரம்பு வந்துவிட்டது. மொத்த வியாபாரிக்கு ஒவ்வொன்றிலும் 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். செப்டம்பரில் மொத்த வியாபாரியின் அளவை 50 டன்னாகக் குறைத்தார்கள். அந்த ஆகஸ்ட் மாதம் 1901க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்ட். ஜூலை 20ஆம் தேதி வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குப் போட்ட தடையை நீக்க 2024 செப்டம்பர் இறுதி வரை ஆயிற்று. தக்காளி கிலோ நூறைத் தாண்டி, அரசே ரேஷன் கடையில் தக்காளி விற்றதும் 2023 ஜூலையில்தான்.

எங்கோ பஞ்சாபில் அடித்த அனல், எங்கோ மகாராஷ்டிரத்தில் பெய்யாத மழை, கடைசியில் நம் மண்டியில் இருப்புப் பதிவேட்டைக் கேட்டு ஓர் அதிகாரி வந்து நிற்பதில் முடிகிறது. விலை ஏறினால் ஜனங்கள் வானத்தைத் திட்டுவதில்லை. பதுக்கல்காரன் என்று நம்மைத்தான் திட்டுகிறார்கள். பருவநிலை நமக்குச் சம்பந்தம் இல்லாதது என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடைக்குள்ளும் அதே கதைதான். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வெல்லம் இளகுகிறது, புளி கசிகிறது, மிட்டாய் ஒட்டிக்கொள்கிறது, கடலை எண்ணெயில் சிக்கு வாடை வருகிறது, பருப்பிலும் ரவையிலும் வண்டு விழுகிறது. மழைக்காலம் நீண்டால் மிளகாயில் பூசணம். இந்த நஷ்டத்தை எந்தக் கம்பெனியும் திரும்ப எடுத்துக்கொள்வது இல்லை.

நம் வட்டாரம் பட்டது

எச்சரிக்கையை நேரத்தில் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தத் தோல் வட்டாரத்தைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? பாலாறு நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடி வயலூர் அருகே கடலில் சேர்கிறது. அதில் 222 கிலோமீட்டர் நம் தமிழ்நாட்டில். அந்த ஆற்றில் தோல் கழிவு கலந்ததை எதிர்த்து 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோல் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போயிற்று என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதப்பட்டது. ஒவ்வொரு தோல் பதனிடும் ஆலைக்கும் ரூ.10,000 அபராதம், சுத்திகரிப்பு இல்லாவிட்டால் மூடல் என்று உத்தரவாயிற்று. 2025 ஜனவரி 30ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அதாவது, இடைப்பட்ட 28 ஆண்டுகளிலும் காயம் ஆறவில்லை.

தோல் கழிவும் பருவநிலையும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். தோல் தொழிலைக் குறை சொல்வதும் நம் நோக்கம் அல்ல. ஆம்பூரில் செருப்புக் கம்பெனிக்குப் போகிற பெண்தான் மாதம் முதல் வாரம் நம் கடையில் மளிகை வாங்குகிறாள். ஆனால் இரண்டிலும் ஒரே நியாயம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஆயிரத்தில் முடிய வேண்டியது, தள்ளிப்போட்டால் கோடிக்கும் அடங்குவதில்லை. ஆலை மூடினால் முதலாளிக்கு நஷ்டம், தொழிலாளிக்கு வேலை இல்லை, கடைக்காரனுக்கு வசூலாகாத பாக்கி. கடைசியாகச் சொன்னதை எந்தத் தீர்ப்பும் கணக்கில் எடுப்பதில்லை.

வெள்ளத்தையும் பார்த்துவிட்டோம். 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியை அழித்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2021 நவம்பரில் அது கதை இல்லை என்று தெரிந்தது. மோர்தானா அணை நிரம்பி வழிந்து, கவுண்டன்ய மகாநதி கரை புரண்டு, குடியாத்தம் கரையோர வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அந்த மழையில் நவம்பர் 19ஆம் தேதி பேரணாம்பட்டில் வீடு இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் மாண்டார்கள்.

நம் ஊர் கைத்தறிக்கும் தீப்பெட்டிக்கும் பீடிக்கும் பேர் போனது. மூன்றுமே வானம் பார்த்த தொழில்கள். வாரக்கணக்கில் மழை நின்றால் பாவு காயாது, குழித்தறியில் தண்ணீர் ஊறும், தீக்குச்சி உலராது. தறி நின்றால் கூலி நிற்கும், கூலி நின்றால் நம் பற்று நோட்டு தடிக்கும்.

நம் தரப்பு நியாயமும் கேட்கப்பட வேண்டும்

இவ்வளவு சொன்ன பிறகு, சைக்கிளில் வருகிறவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நம்மிடமும் கேள்விகள் உண்டு.

முதலாவது, குற்றம் யாருடையது என்பது. அமெரிக்காவில் ஓர் ஆள் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணம் என்றால் இந்தியாவில் சுமார் 2 டன்தான். குடியாத்தத்துப் பெட்டிக்கடைக்காரர் அதிலும் குறைவாகவே இருப்பார். ஆகவே குறைக்க வேண்டியவர்கள் முதலில் அவர்கள் என்பது நியாயம். ஆனால் ஆற்று வெள்ளம் யார் குற்றவாளி என்று விசாரித்துவிட்டுக் கடைக்குள் வருவதில்லை. நியாயத்தைக் கேட்டுக்கொண்டே மூட்டையை மேலே தூக்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது, பிளாஸ்டிக். 2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. 2022 ஜூலை முதல் தேதி நாடு முழுவதும் தடை வந்தது. கொள்கையில் நமக்கு மறுப்பு இல்லை. ஆனால் சோதனைக்கு வருபவர்கள் கால் கிலோ பை வைத்திருக்கும் சின்னக் கடைக்குத்தான் முதலில் வருகிறார்கள். கடை முழுக்கத் தோரணமாகத் தொங்குகிற ஷாம்பு, ஊறுகாய், சிப்ஸ் பாக்கெட்டுகளைத் தயாரித்து அனுப்புகிற இடத்தில் இதே கண்டிப்பு காட்டப்படுவதாக நமக்குத் தெரியவில்லை. சைக்கிள் பயணிகள் கடைத்தெருவில் நின்று எங்களுக்குச் சொல்வதை, அந்தத் தொழிற்சாலைகளின் வாசலிலும் நின்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நிழல். நெடுஞ்சாலை ஓரத்துப் புளியமரங்கள் நம் கண் எதிரே மறைந்தன. நான்கு வழிச் சாலைக்காக வெட்டியபோது சாலைக்கு நிழலும் போயிற்று, ஆண்டுதோறும் ஏலம் எடுத்துச் சந்தைக்கு வந்துகொண்டிருந்த புளியும் போயிற்று. சைக்கிள் ஓட்டுங்கள் என்று ஜனங்களிடம் சொல்வதற்கு முன்பு ஓட்டுகிறவன் தலைக்கு நிழல் வேண்டாமா?

வருகிறவர்களுக்குச் சில வார்த்தை

பயணக் குழுவினர் நம் பிள்ளைகளைப் போன்றவர்கள். அன்போடு சில யோசனைகள் சொல்லலாம். காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கடைத்தெருவுக்கு வந்து துண்டுப் பிரசுரம் கொடுக்காதீர்கள். அது வியாபார நேரம். பகல் இரண்டு மணிக்கு வாருங்கள், உட்கார வைத்து மோர் கொடுத்துப் பேசுவோம். பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு பிளாஸ்டிக் ஒழிப்பு பேசாதீர்கள். கேன் கொண்டு வந்தால் எந்தக் கடையிலும் பானைத் தண்ணீர் நிரப்பித் தருவோம். படம் எடுத்துக்கொண்டு போய்விடாமல், இந்த ஊரில் கேட்டதை நோட்டில் எழுதி அடுத்த ஊரிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் சொல்லுங்கள். பேசுவதோடு கேட்கவும் தெரிந்தவன் சொன்னால்தான் ஊர் காது கொடுக்கும்.

சங்கம் செய்யக்கூடியவை

யாரோ வரட்டும் என்று காத்திருக்காமல் நாமே ஒரு பயணம் நடத்தலாம் என்பது நமது யோசனை. குடியாத்தத்தில் புறப்பட்டு, பேரணாம்பட்டு, ஆம்பூர், பள்ளிகொண்டா வழியாகத் திரும்பினால் இரண்டு நாளில் நிதானமாகச் சுற்றி வரலாம். வணிகர் தினம் மே 5ஆம் தேதி; அது கத்திரி வெயில். அன்று வேண்டாம். பொங்கல் வியாபாரம் முடிந்து கை ஓய்ந்திருக்கும் தை மாதக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். வெயில் ஏறுவதற்குள் அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டும். வழி ஊர்களில் ஒரு வணிகர், ஒரு விவசாயி, ஒரு நெசவாளி, ஒரு தோல் தொழிலாளி ஆளுக்குப் பத்து நிமிடம் தத்தம் தொழிலில் கண்டதைப் பேசினால் போதும். பெரிய பேச்சாளர்கள் தேவை இல்லை. டாக்டர்கள் கடிதம் கொண்டு போனது போல, கவுண்டன்ய மகாநதியைத் தூர் வாருவது, கடைத்தெரு மழைநீர்க் கால்வாயைச் சீர் செய்வது, சாலையோரம் மறுபடி புளியும் வேம்பும் வைப்பது ஆகிய மூன்று கோரிக்கைகளை எழுதி ஆட்சியரிடம் கொடுக்கலாம்.

அடுத்து, கடைச் சைக்கிள். ஒரு காலத்தில் கேரியரில் மூட்டை கட்டிய சைக்கிள்தான் நம் வியாபாரத்தின் கால். டி.வி.எஸ். 50 வந்த பிறகு அது மூலையில் சாய்ந்தது. 2018இல் ஐ.நா. சபை ஜூன் 3ஆம் தேதியை உலக சைக்கிள் தினம் என்று அறிவித்தது. 2020இல் அதே ஜூன் 3ஆம் தேதி அட்லஸ் சைக்கிள் கம்பெனியின் சாகிபாபாத் ஆலை நின்றுபோனது. காலம் அப்படி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்குச் சாமான் கொண்டு கொடுக்கும் மொபெட் நாளைக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 9 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் மாதம் ரூ.900, ஆண்டுக்கு ரூ.10,800. வெளியாகும் கரியமில வாயு ஆண்டுக்கு ஏறக்குறைய 250 கிலோ. ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிற வீடுகளுக்குச் சைக்கிளே போதும். தூரத்துக்கும் பாரத்துக்கும் வண்டி வேண்டும், அதை மறுக்கவில்லை. செல்போனில் ஆர்டர் எடுத்துப் பத்து நிமிடத்தில் கொண்டு கொடுக்கிற பெரிய கம்பெனிகள் ஊர் ஊராக வந்துகொண்டிருக்கும் இந்தக் காலத்தில், வாடிக்கையாளர் வீட்டு வாசல் வரை போகிற பழக்கத்தை நாம் விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, டெபாசிட் பை. நம் ஊரிலேயே நெசவு இருக்கிறது, தையல் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். சங்கத்தின் பெயர் போட்ட துணிப்பையை மொத்தமாகத் தைத்து வாங்கி, கடைகளுக்குக் கொடுக்கலாம். பை 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாடிக்கையாளர் 20 ரூபாய் கட்டி வாங்கிப் போகட்டும். எந்த உறுப்பினர் கடையில் திருப்பிக் கொடுத்தாலும் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும். நடக்குமா என்று கேட்பவர்கள் நீலகிரியைப் பார்க்கலாம். 2022இல் அங்கே மதுப்புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டி கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. புட்டிகள் பெரும்பாலும் திரும்பி வந்தன. குடிக்கிறவர் பத்து ரூபாய்க்காகப் புட்டியைக் கொண்டு வருகிறார் என்றால் குடும்பம் நடத்துகிறவர் இருபது ரூபாய்க்குப் பையைக் கொண்டு வரமாட்டாரா? அந்தக் காலத்தில் எண்ணெய்க்குத் தூக்குவாளியும் அரிசிக்குப் பையும் கொண்டு வந்தவர்கள்தானே நம் ஜனங்கள்.

நான்காவது, வெள்ளத்திற்குத் தயாராவது. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே தாழ்வான கடைகளில் மரச்சட்டம் போட்டு மூட்டை அட்டியை முழங்கால் உயரம் தூக்கிவிட வேண்டும். கணக்கு நோட்டும் பாக்கிச் சிட்டையும் மேல் அலமாரியில் இருக்கட்டும். இன்ஷூரன்ஸ் விஷயத்தில் நம்மில் பலர் பாங்கிக் கடனுக்காகக் கையெழுத்துப் போடுவதோடு சரி, பாலிசியில் என்ன இருக்கிறது என்று படிப்பதில்லை. 2021 ஏப்ரல் முதல் பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. ரூ.5 கோடி வரை மதிப்புள்ள சிறு தொழில், வியாபார இடங்களுக்கு உரியது. தீயோடு புயல், வெள்ளமும் அதில் அடங்கும். ஏஜண்டிடம் கேட்டு, சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டாமல் எழுதி வாங்க வேண்டும். குறைத்துக் காட்டினால் நஷ்டத்தின்போது பணமும் அதே விகிதத்தில் குறைந்துதான் கிடைக்கும்.

ஐந்தாவது, கூரை. தகரத்துக்கும் தளத்துக்கும் மாசி மாதத்தில் வெள்ளையடித்துவிட்டால் சூடு இறங்குவது குறையும். வெல்லமும் பிழைக்கும், மூட்டை தூக்கும் தொழிலாளியும் பிழைப்பார். பகல் பன்னிரண்டில் இருந்து மூன்று வரை கோடையில் லோடு இறக்குவதை நிறுத்தி, காலையும் மாலையும் மாற்றிக்கொள்ளும்படி லாரி செட்டுகளோடு சங்கம் பேச வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய முதல் தேவை இல்லை. சைக்கிளும் துணிப்பையும் மரச்சட்டமும் சுண்ணாம்பும் நம் கையில் இருப்பவைதாம். உலகத்துச் சூடு குடியாத்தத்தில் நாம் சைக்கிள் மிதிப்பதால் இறங்கிவிடும் என்று நாம் நினைக்கவில்லை. ஆனால் அடுத்த வெள்ளத்தில் நனையும் மூட்டைகளின் எண்ணிக்கை நிச்சயம் குறையும். அரசாங்கத்திடம் கோரிக்கை வைக்கும்போது, நாங்கள் இதைச் செய்துவிட்டு வந்து கேட்கிறோம் என்று சொல்ல நமக்கு ஒரு தகுதியும் வரும்.

அடுத்த பொதுக்குழுவில் இந்த ஐந்தையும் தீர்மானமாக வைக்க நாம் கருதியுள்ளோம். உறுப்பினர்கள் தத்தம் கடையில் 2021 மழையில் எவ்வளவு சரக்கு போயிற்று, கோடையில் என்னென்ன சரக்கு கெடுகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டுகிறோம். அந்தத் தாள்கள்தான் நம் பயணத்தின் கடிதம். டாக்டர்கள் குழந்தைகளின் மூச்சைக் கணக்கெடுத்துப் போனார்கள். நாம் நம் சரக்கைக் கணக்கெடுத்துப் போவோம்.